தாத்தாவுக்கு ஒரு வாய்

முதல் வாய் அப்பாவுக்கு. அதுதான் முறை என்று நினைத்துக்கொண்டார் கோமதிநாயகம். அவர் அடுக்களையில், கேஸ் மேடைக்குக் கீழே மணைப்பலகையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். பாதி சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம், முன்கூடத்தில், மகள் வடிவு தன் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பார்க்க முடியாது, கேட்கலாம். அவள் வளையல் சோற்று வட்டிலின் விளிம்பில் இடிப்பதுகூடக் கேட்டது. "ஓசூர்ல அப்பா தனியா இருக்காங்கள்ல, பாவம், அப்பாவுக்கு ஒரு வாய். ஆ காட்டு. ம்... சமத்து." பேத்தி மித்ராவுக்கு நாலு வயது நடக்கிறது. மற்ற நாளில் செல்போனில் பொம்மைப் படம் ஓடும், என்ன தின்கிறோம் என்றே தெரியாமல் தின்று முடித்துவிடுவாள். இன்றைக்கு ராத்திரி பஸ்ஸுக்கு ஊருக்குத் திரும்புகிறார்கள், போனில் சார்ஜ் ஏற வேண்டும், அது ஜன்னல் ஓரத்தில் செருகிக் கிடக்கிறது. அதனால்தான் வடிவு பழைய வழிக்கு வந்திருக்கிறாள், ஆளுக்கு ஒரு வாய் என்று பேர் சொல்லி ஊட்டுகிற வழிக்கு. அவளுக்கு அவள் அம்மா அப்படித்தான் ஊட்டினாள், இதே கூடத்தில், இதே சுவரில் சாய்ந்துகொண்டு. போனில் சார்ஜ் இல்லாமல் போனது கோமதிநாயகத்துக்கு நல்லதாய்ப் போயிற்று. பேர் சொல்லி ஊட்டினால் தன் பேரும் வரும். தாத்தாவுக்கு ஒரு வாய் என்று சொல்லித்தானே ஆக வேண்டும், தாத்தா வீட்டுச் சோறு, தாத்தா வீட்டு வட்டில், தாத்தா கூப்பிடு தூரத்தில் உட்கார்ந்திருக்கும்போது. சொன்னதும் எழுந்திருக்க வேண்டும். என்னையக் கூப்பிட்டியா தாயி என்று கேட்டுக்கொண்டே போய் முன்னால் உட்கார வேண்டும். கையில் இந்தக் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போக வேண்டும். கிண்ணத்தில் கொஞ்சம் தேங்காயெண்ணெய், இப்போதுதான் அடுப்பில் காட்டி இறக்கினார். சுண்டுவிரலை விட்டுப் பார்த்தார். சூடு சரியாக இருந்தது. சீக்கிரம் ஆறிவிடும். அதற்குள் சொல்லிவிட்டால் நல்லது.

எண்ணெய் முகத்துக்கு. இடது பக்கத்துக்கு. வெந்த தோலுக்கு வேர்வை கிடையாது, தானாக ஈரம் ஊறாது, ஒருநாள் எண்ணெய் காட்டாவிட்டால் இழுத்துப் பிடிக்கும், விட்டுவிட்டால் வெடிக்கும். மீசை சரியாக முளைக்காத வயசில் தீப்பெட்டி ஆபீஸில் மருந்து கலக்குகிற அறையில் வேலை பார்த்தார். ஒரு வெளிச்சம், அவ்வளவுதான் ஞாபகம். அந்த வெளிச்சம் காதில் பாதியைத் தின்றது, கன்னத்தைத் தின்றது, கண்ணோரத்தைக் கீழே இழுத்து உதட்டோரத்தை மேலே இழுத்துத் தைத்துவிட்டுப் போயிற்று. தைத்த விதத்தில் அந்தப் பக்கம் எந்நேரமும் இளித்துக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். சாவு விழுந்த துட்டி வீட்டிலும் இளிப்பு, பசியிலும் இளிப்பு. வலது பக்கம் அம்மா பெற்றபடி அப்படியே இருந்தது. அதுதான் கேடு, ரெண்டு பக்கமும் வெந்திருந்தால் ஜனங்களுக்குப் பழகிப்போயிருக்கும் என்று சில நாள் அவருக்குத் தோன்றும். ஆவுடையைப் பெண் பார்க்கப் போனபோது, காபியைக் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்து நிற்க வேண்டியவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜவுளிக்கடையில் துணியை ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பது மாதிரி, முதலில் இந்தப் பக்கம், பிறகு அந்தப் பக்கம். "தண்ணி பட்டா எரியுமா?" என்று கேட்டாள். "இப்ப எரியாது" என்றார். "அப்பச் சரி" என்று உள்ளே போய்விட்டாள். அதுதான் சம்மதம். அதன்பிறகு அந்தக் கன்னம் அவள் பொறுப்பு. வடிவு பிறந்து, உட்காரப் பழகியதும், விளக்கு வைக்கிற நேரத்துக்குப் பிள்ளையை அவர் மடியில் போட்டு அதன் உள்ளங்கையில் எண்ணெயைத் தொட்டுவைப்பாள். "அப்பாவுக்குத் தேயிட்டி. இந்தப் பக்கம் வழுவழுன்னு இருக்கா? அந்தப் பக்கம் சொரசொரன்னு இருக்கா? ரெண்டும் அப்பாதான்." அதற்கு மேல் ஒரு விளக்கம் அவள் சொன்னதில்லை. அந்தச் சின்ன உள்ளங்கை வழுவழுப்பில் வழுக்கிக்கொண்டு போகும், சொரசொரப்பில் நின்று நின்று போகும். சொரசொரப்புதான் அதற்குப் பிடித்திருந்தது. மித்ரா வயசில் ஒருநாள், கடலை மிட்டாய் விற்க வந்தவரை முற்றத்தில் மறித்து நிறுத்தி, "மாமா, ஒங்களுக்கு மட்டும் ஏன் ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கு?" என்று வடிவு கேட்டாள். ஆவுடை சிரித்த சிரிப்பில் இடுப்புக் குடம் தளும்பிச் சேலை நனைந்தது. பிள்ளைக்குப் புரியவைக்கிறது அவ்வளவு லேசு. ஒரு சொட்டு எண்ணெய், ஒரு சின்னக் கை. அதைத்தான் மித்ராவிடம் செய்ய வேண்டும் என்று அவர்கள் வந்திறங்கிய நாளிலிருந்து நினைக்கிறார். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வந்தார். இனி நாளை கிடையாது. வாசலில் ஆட்டோ வந்து நின்றால் முடிந்தது.

"மிஸ்ஸுக்கு ஒரு வாய். உங்க ஜாஸ்மின் மிஸ் எவ்ளோ நல்லா பாட்டுச் சொல்லித்தாறாங்க. ஆ... மென்னு முழுங்கு." மிஸ்ஸுக்கு உண்டு. சரி, இருக்க வேண்டியதுதான், மிஸ் சொல்லிக்கொடுத்தபடிதானே எல்லாம் நடக்கிறது. வந்த அன்றைக்கே வடிவு போனைத் திறந்து காட்டினாள். மித்ராவின் பள்ளிக்கூடச் சுவரில் பெரிய படம், கறுத்த பிள்ளை, சிவத்த பிள்ளை, கண்ணாடி போட்ட பிள்ளை, சக்கர நாற்காலியில் ஒரு பிள்ளை, எல்லாம் கை கோர்த்துக்கொண்டு உலக உருண்டையைச் சுற்றி நிற்கின்றன. எல்லாப் பிள்ளையும் ஒரே மாதிரி சிரிக்கிறது. அதில் வெந்த முகம் இல்லை. அதை யார் வரைவார்கள், எந்தச் சுவர் தாங்கும். "இந்த வயசுலயே சொல்லிக் குடுத்துருதாங்கப்பா" என்றாள் வடிவு. "வித்தியாசமா இருக்கவங்கள உத்துப் பாக்கக்கூடாது, கை நீட்டக்கூடாது, என்னாச்சுன்னு கேக்கக்கூடாது, அவங்க மனசு நோகும்னு. நானும் பஸ்ஸுல வழிநெடுகச் சொல்லித்தான் கூட்டியாந்தேன்." சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு நிம்மதி இருந்தது. அப்பாவுக்காக ஒரு காரியத்தை முன்கூட்டியே செய்து முடித்துவிட்ட நிம்மதி. நல்ல பிள்ளை மித்ரா, சொன்னால் சொன்னபடி கேட்கிற பிள்ளை. வந்ததிலிருந்து ஒரு தடவை, தவறிப்போய்க்கூட, அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பேசுகிறது, கேட்டதற்குப் பதில் சொல்கிறது, கொடுத்த பிஸ்கட்டை வாங்கிக்கொண்டு தேங்க்ஸ் தாத்தா என்கிறது, அத்தனையும் அவருடைய சட்டைப் பட்டனைப் பார்த்து. முதல் நாள், "தாத்தா, உங்க பட்டன் பிஞ்சிருக்கு" என்றது. மறுநாள் அவர் பட்டனைத் தைத்துப் போட்டுக்கொண்டார். பிள்ளையின் கண் வேட்டிக் கரைக்கு இறங்கிவிட்டது. நாலு வயசுப் பிள்ளை, கண்ணுக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டு, நடையில் இடிபட்டாலும் நிமிராமல் ஒதுங்கிப் போகிறது. எவ்வளவு கஷ்டமாக இருக்கும் அதற்கு. கழுத்து வலிக்காதா. ஒரு முகத்துக்குப் பயப்படுகிறதைவிட ஒரு முகத்தை இல்லை என்று ஆக்குவது பெரிய வேலை, அதை இந்தப் பிஞ்சு தலையில் கட்டிவிட்டார்கள், கேட்டால் பண்பு என்பார்கள். அலறியிருந்தால்கூடப் பரவாயில்லை. அலறலை அவருக்குத் தெரியும். அலறின பிள்ளை ஓடிப்போய்த் தூணுக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்க்கும், மறுபடி ஓடும், மறுபடி பார்க்கும், சாயங்காலத்துக்குள் பக்கத்தில் வந்துவிடும். பார்க்கவே கூடாது என்று படித்த பிள்ளை எந்தத் தூணுக்குப் பின்னால் இருந்து வரும்.

இதற்கு முன்னால் மித்ராவைப் பார்த்தது பேர் வைக்கும்போது, தொட்டிலில், கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. அப்புறமெல்லாம் போனில்தான். "அப்பா, கொஞ்சம் இந்தப் பக்கமாத் திரும்பி உக்காருங்க, அங்கனதான் வெளிச்சம் நல்லாருக்கு" என்பாள் வடிவு. அவரும் திரும்பி உட்கார்வார். வெளிச்சம் எப்போதும் வலது கன்னத்தில்தான் நல்லாருந்தது. ஆவுடை திதிக்கு வருஷா வருஷம் வடிவு மட்டும் வருவாள், பிள்ளைக்குக் காய்ச்சல், பிள்ளைக்கு லீவு இல்லை, பிள்ளை பஸ்ஸில் வாந்தி எடுக்கும். அவர் கேட்டதில்லை. கேட்காததற்காக மகள் அவரிடம் பிரியமாக இருந்தாள். கேட்காமல் இருப்பது அவருக்குப் புதிதும் இல்லை. அவள் ஆறாவதோ ஏழாவதோ படிக்கும்போது ஒருநாள் மழை கொட்டியது, குடையை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் போய் நின்றார். வடிவு கூட்டாளிகளோடு வந்தவள், குடையை வாங்கிக்கொண்டு, பக்கத்துப் பிள்ளையிடம், "மாவு மில்லுக்காரங்க" என்றாள். பொய் ஒன்றும் இல்லை. மாவு மில்லில்தான் அவர் வேலை பார்த்தார். தீப்பெட்டி ஆபீஸுக்குப் பிறகு அந்த வேலையைத் தேடிப் பிடித்ததே அதற்காகத்தான், மாவு படிந்துவிட்டால் எல்லா முகமும் ஒரே முகம், தலையைச் சுற்றித் துண்டைக் கட்டிவிட்டால் யாருக்கும் எதுவும் தெரியாது. அவர் நனைந்துகொண்டே திரும்பி நடந்தார். மாவு கரைந்து கழுத்தில் வழிந்தது. உள்ளங்கையால் அந்தக் கன்னத்தைத் தடவி வளர்ந்த பிள்ளைதானே, எங்கே போயிற்று அந்தக் கை, எந்த வகுப்பில் வைத்து அதைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். வாசல் பக்கம் ஹாரன் கேட்டது. ஆட்டோ இல்லை, எவனோ பைக்கில் போகிறான். கிண்ணத்தை விளிம்போடு சேர்த்து உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடித்துக்கொண்டார், கைச் சூட்டிலாவது கொஞ்சம் நிற்கட்டும் என்று.

"கீழ் வீட்டு ப்ளாக்கிக்கு ஒரு வாய். லொள் லொள்னு சொல்லுமே, அந்த ப்ளாக்கிக்கு." பிள்ளை சிரித்தது. நாய்க்கு உண்டு. கோமதிநாயகமும் சிரித்தார், இடது பக்கம் ஏற்கெனவே சிரித்துக்கொண்டிருந்ததால் வலது பக்கத்தை மட்டும் சேர்த்துக்கொண்டால் போதும். இருக்கட்டும், நாய் கூடவே இருக்கிறது, தினமும் பார்க்கிறது. அடுத்து யார் என்று கேட்டால் பிள்ளைக்கே சொல்லத் தெரியாதா. "அம்மா போதும்மா." "போதும்னா எப்படி, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு. பஸ்ஸுல பசிக்கும். இந்தா, சாமிகிட்ட இருக்க ஆச்சிக்கு ஒரு வாய். அங்க போட்டோல இருக்காங்க பாரு, ஆச்சி. ஒன்னைய எவ்ளோ பிடிக்கும் ஆச்சிக்கு." ஆவுடைக்கு உண்டு. போய்ச் சேர்ந்தவளுக்கு உண்டு. பிள்ளை போட்டோவை நிமிர்ந்து பார்த்திருக்கும், போட்டோவைப் பார்க்கத் தடை இல்லை. ஆச்சிக்கு அடுத்தது தாத்தாதான், வேறு யாரும் நடுவில் வர முடியாது. ஒரு கையைத் தரையில் ஊன்றி அரைவாசி எழுந்தார். முழங்கால் நெட்டி முறிந்தது. "வாட்ச்மேன் அங்கிளுக்கு ஒரு வாய்" என்றாள் வடிவு. மறுபடி உட்கார்ந்தார்.

ஆவுடை இருந்திருந்தால் இப்படி விட்டிருக்க மாட்டாள். வட்டிலைப் பிடுங்கி வைத்துவிட்டுப் பிள்ளையைத் தூக்கி அவர் மடியில் பொத்தென்று போட்டிருப்பாள். அவள் செத்த அன்றைக்கு முப்பிடாதி மகன் செந்தட்டி பைக்கில் வந்து இறங்கினான், மாலையைப் போட்டான், பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். இந்த வீடு இருக்கிற வளவில், முற்றத்தைச் சுற்றி நெருக்கிக் கட்டின வீடுகளில், எதிர்வீடு முப்பிடாதி வீடு. செந்தட்டி அங்கே பிறந்து வளர்ந்து இப்போது வேறு ஊரில் நகைக்கடையில் இருக்கிறான். கண்ணைத் துடைத்துக்கொண்டே, துக்க வீடு என்பதையும் மறந்து லேசாகச் சிரித்து, "பெரியப்பா, நீங்க மட்டும் இல்லன்னா நா சோறே தின்னுருக்க மாட்டேன்னு எங்கம்மா இன்னைக்கும் சொல்லுவா" என்றான். பிரியமாகத்தான் சொன்னான். சட்டைப் பையைப் பார்த்துச் சொன்னான். அவன் தின்ற சோறு கோமதிநாயகத்துக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. மில்லில் இருந்து மாவும் வேர்வையுமாக வளவுக்குள் நுழைகிற நேரமும் முப்பிடாதி செந்தட்டிக்கு ஊட்டுகிற நேரமும் ஒன்று. "அண்ணாச்சி, இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன், இந்த மூதி சோறு திங்க மாட்டேங்கான்." அவர் துண்டை இடது பக்கம் மட்டும் விலக்கி, அவள் வீட்டு வாசல் நிலையில் கையை வைத்து, முகத்தை உள்ளே நீட்டி, தொண்டைக்குள் ஒரு உறுமல் உறுமுவார். "பாத்தியா, பூச்சாண்டி வந்துட்டான். தின்னுரு, இல்லன்னா சாக்குல போட்டுக் கொண்டுபோயிருவான்." பையன் அழுகையை நிறுத்திவிடுவான். ஒரு சத்தம் இருக்காது. கண் ரெண்டும் அவர் மேலேயே இருக்க வாய் மட்டும் தானாகத் திறக்கும், சோறு உள்ளே போகும், மெல்லாமலே இறங்கும். முப்பிடாதியைப் பார்த்து மற்ற வீட்டுக்காரிகளும் கூப்பிட ஆரம்பித்தார்கள். மறுநாள் ஒரு கிண்ணம் புளிக்குழம்பு வரும். அண்ணாச்சி மனசு யாருக்கு வரும் என்பார்கள். பொல்லாதவர்கள் இல்லை. ஒருத்தி மனசிலும் விஷம் இல்லை.

ஆவுடைக்குத் தெரிந்த அன்றைக்கு முற்றமே அதிர்ந்தது. "ஏளா முப்பிடாதி, ஒம் பிள்ள சோறு திங்கணும்னா ஒம் புருசன் மொகத்தக் காட்டு. அதப் பாத்தா ஒம் பிள்ள மட்டுமில்ல, இந்த வளவுல உள்ள பிள்ள பூரா அள்ளி அள்ளித் திங்கும்." "என்ன மயினி இது, ஒரு வெளையாட்டுக்கு... அண்ணாச்சியே ஒண்ணும் சொல்லல." "அவுக சொல்ல மாட்டாக. நாஞ் சொல்லுதேன்." உள்ளே வந்து அவரைப் பார்த்தாள். கேட்கவில்லை, பார்த்தாள். இனிப் போக மாட்டேன் என்றார். ஆனால் ஆவுடை குழாயடிக்குப் போகிற நேரம் என்று ஒன்று உண்டு, அந்த நேரத்தில் யாராவது கூப்பிட்டால் போனார். அது ஏன் என்று இந்த வயசு வரைக்கும் அவருக்கு முழுசாகப் பிடிபடவில்லை, நினைப்பு அதைச் சுற்றிச் சுற்றி வந்து அங்கேயே தட்டி நிற்கும். குழம்புக்காக இல்லை. நல்ல பேருக்காகவும் இல்லை. அந்தப் பிள்ளைகள் பார்த்தார்கள், அதுதான். பஸ்ஸில், மில்லில், கோயிலில், கல்யாண வீட்டில், வளர்ந்த ஜனம் முழுக்க அவர் தோளுக்கு மேலேயோ பாக்கெட்டையோ பார்த்துப் பேசிக்கொண்டிருக்கும்போது, வாயில் சோற்றோடு ஒரு பொடிப்பயல் இமை கொட்டாமல் அவர் முகத்தை, முழு முகத்தை, கண்ணோரத்தில் இருந்து தாடை வரைக்கும் பார்த்தான். பயந்துதான் பார்த்தான். பயந்து பார்த்தாலும் பார்வைதானே. ஆவுடை ஒருத்தி பார்த்தது போதாதா என்று கேட்டால் என்ன சொல்ல முடியும். வீட்டுக்குள்ளே வேறு ஒரு கூத்தும் நடந்தது. பூச்சாண்டிப் பயம் இல்லாமல் வளர்ந்த ஒரே பிள்ளை வடிவு. பாண்டி விளையாடும்போது யாராவது அவளை அடித்தால், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "எங்கப்பாவக் கூப்பிடுவேன்!" என்பாள். அத்தனை பிள்ளையும் சிதறி ஓடும். "எங்கப்பாதாம்ட்டி பூச்சாண்டி" என்று ஒருநாள் அவள் முற்றத்து நடுவில் நின்று பீற்றிக்கொண்டது இன்னும் காதில் இருக்கிறது. அப்போது அவளுக்கு அது ராஜா மகள் என்கிற மாதிரி.

எண்ணெய் வெதுவெதுப்புத் தட்டிவிட்டது. பரவாயில்லை. சொல்லாவிட்டாலும் போய்விடலாம், யார் உத்தரவு வேண்டும், தன் வீடு, தன் பேத்தி. போய் முன்னால் உட்கார்ந்து, தாயி, தாத்தாவுக்கு இந்தப் பக்கம் காய்ந்து போச்சு, கொஞ்சம் தேச்சு விடுதியா என்று கேட்டால் ஆயிற்று. கேட்டுவிடலாம். கேட்டால் பிள்ளை மிஸ்ஸுக்குத் துரோகம் பண்ண வேண்டியிருக்கும், பார்க்கக் கூடாத இடத்தைத் தொடச் சொன்னால் அது அம்மாவைத்தான் பார்க்கும், அம்மா என்ன முகம் காட்டுவாள். தொடும்மா என்று சொல்வாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வாள். பிள்ளை சொன்னபடி கேட்கிற பிள்ளை, விரலை நீட்டும், சட்டைப் பட்டனைப் பார்த்துக்கொண்டே தேய்க்கும். அதுதான் அவருக்குப் பயம். அழுதால் பயம் இல்லை, ஓடினால் பயம் இல்லை. பார்க்காமல் தேய்த்துவிட்டால் அதற்கப்புறம் எதை நினைத்துக்கொண்டு இந்த வீட்டில் உட்கார்ந்திருக்க. நாலு நாளும் அடுக்களையில் இருந்து கூடத்துக்குப் போகும்போதெல்லாம் நண்டு மாதிரிப் பக்கவாட்டில் போனார், நிலையைத் தாண்டும்போது முதலில் தெரிவது வலது கன்னமாக இருக்கட்டும் என்று. அதுகூட வீண், எந்தக் கன்னம் தெரிந்தாலும் ஒன்றுதான், பார்க்கிறவர்களுக்குத்தானே கன்னம்.

"இல்லம்மா, வேணாம்." "கடைசிம்மா. நெய் போட்டுப் பிசைஞ்சது. ஆட்டோ வந்துரும், அம்மா இன்னும் பேக்கை மூடல." "வேணாம்னா வேணாம்." வட்டில் தரையில் நகர்கிற சத்தம். பிள்ளை தள்ளிவிட்டிருக்க வேண்டும். "மித்ரா!" அழுகை ஆரம்பித்தது, நிஜ அழுகை இல்லை, வாயை மூடிக்கொண்டு மூக்கால் அழுகிறது. "வாயத் திற. திற பாப்பா. அம்மாவுக்குக் கோவம் வரும். போன் கேக்காத, போன் கெடையாது. திறக்க மாட்டியா?" வடிவின் குரல் களைத்திருந்தது. காலையில் இருந்து ஒற்றை ஆளாக மூட்டை கட்டுகிறாள், அவர் உதவுகிறேன் என்று போனதற்கு நீங்க இருங்கப்பா என்றுவிட்டாள். "சரி. தாத்தாவக் கூப்பிடட்டுமா?"

கோமதிநாயகம் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாத்தா. வந்துவிட்டது. இத்தனை பேருக்கும் ஒரு வாய், ஒரு வாய் என்று போய், கடைசியில் வந்துவிட்டது. அந்தப் பக்கம் மூக்கழுகை சட்டென்று நின்றது. முற்றிலும் நின்றது. அந்த நிசப்தத்தை அவருக்குத் தெரியும். நிலையில் கையை வைத்துக்கொண்டு எத்தனை வீட்டில் அதைக் கேட்டிருக்கிறார், அதில் பிசகவே முடியாது. இல்லை, அப்படி இருக்காது, வடிவு வேறு எதற்கோ சொல்கிறாள், தாத்தா வந்து ஊட்டுவார் என்று சொல்கிறாள், அல்லது எங்கப்பாவக் கூப்பிடுவேன் என்று இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சொன்னாளே, அந்த வடிவுதான் இத்தனை வருஷம் கழித்து வாயில் வந்துவிட்டாள். ரெண்டும் ஒரே வாக்கியம்தானே. ஒன்றுக்கு ஊரே சிதறி ஓடியது, அவள் மட்டும் சிரித்துக்கொண்டு நின்றாள். இன்றைக்கு அவள் எந்தப் பக்கம் நிற்கிறாள். பஸ்ஸில் வழிநெடுகச் சொல்லிக்கொடுத்தது எல்லாம் ஒரு வாய்ச் சோற்றுக்கு முன்னால் எங்கே போயிற்று. அவளுக்கே தெரியாது. கேட்டால், நானா, நா என்னப்பா சொன்னேன் என்பாள். அவள் மேல் குற்றம் இல்லை. களைப்பில் கை தானாக எட்டுகிற இடத்தில்தான் அந்தப் பூச்சாண்டிச் சாமான் இருக்கிறது, அதே மாடத்தில், முப்பிடாதி வைத்த இடத்தில்.

"அப்பா" என்றாள் வடிவு. அவசரக் குரல், யோசனை இல்லாத குரல். "இந்தப் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்களேன்."

அவர் எழுந்தார். கிண்ணம் கையில் இருந்தது. போக வேண்டாம் என்று ஆவுடை சொல்வது கேட்டது, போட்டோவில் இருந்து இல்லை, குழாயடியில் இருந்து குடத்தோடு திரும்பி வருகிறவள் சொல்வது மாதிரி. போகாமல் இருந்துவிட்டால் இன்னும் கொஞ்ச நேரத்தில் ஆட்டோ வரும், பிள்ளை அவர் பட்டனுக்கு டாட்டா காட்டும். கதவை முழுசாகத் திறந்தார். பக்கவாட்டில் திரும்பவில்லை. நேராக, இடது கன்னமும் வலது கன்னமுமாக, நிலையில் நின்றார். உறுமவில்லை. உறுமல் வேண்டியிருக்கவில்லை.

மித்ரா அவர் முகத்தைப் பார்த்தாள். பட்டனில் இருந்து ஏறி, கழுத்தைத் தாண்டி, தாடையில் நின்று, மேலே போய், இழுத்துத் தைத்த கண்ணோரம் வரைக்கும் அந்தக் கண்கள் வந்து நின்றன. கறுப்பான பெரிய கண்கள். ஆவுடை கண். இத்தனை நாளும் அந்தக் கண் என்ன ஜாடை என்றுகூட அவருக்குத் தெரியாமல் இருந்தது. வாய் மெல்லத் திறந்தது. வடிவு சட்டென்று உருண்டையை உள்ளே வைத்தாள். "அப்படி வா வழிக்கு" என்று வட்டிலை வழித்து அடுத்த உருண்டை பிடித்தாள், அதுவும் போயிற்று, பிள்ளை மெல்லவில்லை, அழவில்லை, கண்ணை எடுக்கவில்லை. கோமதிநாயகத்தின் விரல்களில் எண்ணெய் இருந்தது. கிண்ணத்தை நீட்ட நினைத்தார். நீட்டினால் பிள்ளை அலறும், அலறிக் கண்ணை மூடிக்கொள்ளும். அசையாமல் பிடித்துக்கொண்டார்.

வட்டில் காலியாயிற்று. வெளியே ஆட்டோ வந்து நின்று ரெண்டு தரம் ஹாரன் அடித்தது. வடிவு பிள்ளையின் வாயைத் துடைத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமலே, "போதும்ப்பா, நீங்க உள்ள போங்க" என்றாள். "அவ பயப்படுதா."

மித்ரா இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அவர் நகரவில்லை.